வாசற்படிதான் சைபர்

முப்பத்தொரு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்த எனக்குக் கணக்கு டீச்சர் என்றாலே ஆகாது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் சரி, பாடம் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு பி.டி. பீரியடைப் பிடுங்குகிறவர்கள் இந்தக் கணக்குக் கூட்டம்தான். சாமான் அறையைத் திறந்து, பந்துக்குக் காற்றடித்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் போய் நின்றால் ஒரு குஞ்சும் வராது. வகுப்பில் எட்டிப் பார்த்தால் எல்லாம் உட்கார்ந்து வகுத்தல் போட்டுக்கொண்டிருக்கும். கேட்டால், ஒரே ஒரு கணக்குதான் சார் என்பார்கள். முப்பத்தொரு வருஷமாக அந்த ஒரே ஒரு கணக்கு முடிந்தபாடில்லை.

இப்போது நான் சொல்லப்போகிற டீச்சர் பீரியடை மட்டும் பிடுங்கவில்லை. மைதானத்தையே பிடுங்கினார். கயிறு, வளையம், கொடி, கோடு போடுகிற சுண்ணாம்பு, ஒன்றும் பாக்கியில்லை. பிள்ளைகள் அவருக்குக் ‘குதி டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது இங்கே தேவையில்லை.

எங்கள் பள்ளிக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு பெரிய பை, அதற்குள் எந்நேரமும் ஒரு பெட்டி சாக்பீஸ். கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறையில் மிஷின், பின்னறையில் அடுப்பு, கட்டில், கல்லூரியில் படிக்கிற மகளின் புத்தகங்கள். அவ்வளவுதான் வீடு. டீச்சர் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். வருஷக் கடைசியில் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து, மேலே இருப்பவர்களுக்கு மனசு வந்தால், வேறு ஏதாவது ஒரு பள்ளிக்குக் கூப்பிடுவார்கள். இப்படி ஏழு பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அவருடைய நாத்தனார் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாராம். வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல், இந்த வருஷமாவது நிரந்தரமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாராம். டீச்சருக்கு வேண்டியிருந்தது ‘நிரந்தரம்’ என்று போட்ட ஒரே ஒரு தாள். அதற்குக் கல்வி அலுவலகத்து ஆய்வாளர் நேரில் வந்து, வகுப்பில் பாதிப் பேராவது கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த வருஷம் அவர் வருகிறார் என்று முதல் மாதமே கடிதம் வந்துவிட்டது.

கொடுத்ததோ ஆறாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதுவும் சாப்பாட்டு மணிக்கு அடுத்த பீரியட். டீச்சர் முதல் நாள் போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால் முப்பது பேர் தூங்கிவிட்டார்களாம். மீதிப் பன்னிரண்டு பேர் தூங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள், எல்லாரும் எழுந்து வெளியே வாங்க, வகுத்தல் போடலாம் என்று மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பிடித்தது சனியன்.

வகுத்தல் என்றால் இப்படி. டீச்சர் ‘அஞ்சு’ என்று கத்துவார். நாற்பத்திரண்டும் விழுந்தடித்து ஓடி ஐந்து ஐந்து பேராகக் கைகோத்து நிற்க வேண்டும். எட்டுக் கூட்டம் சேரும், இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அவர்கள்தான் ‘மீதி’. மீதி போய்க் குழாயடியில் நிற்க வேண்டும், வேண்டுமானால் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். இந்தத் தண்ணீர்ச் சலுகை கொடுத்தாரே, அங்கேதான் வினை. ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் மீதியாக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கைகோக்க வந்தவனை மற்றவன் தள்ளிவிடுகிறான். நாற்பத்திரண்டு பேரும் நாங்கதான் மீதி என்று குழாயடிக்கு ஓடுகிறார்கள். ஒருநாள் ஒரு பஸ் கண்டக்டர் யூனிபாரத்தோடு என்னைத் தேடி வந்து நின்றார்.

“எம் பொண்ண எதுக்கு சார் தினமும் மீதியில விடுறீங்க? எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் மீதியா நின்னதில்ல.”

அவருக்கு என்ன பதில் சொல்வது? உங்கள் மகள் எல்லோரையும் முட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறாள் என்று சொன்னால் நம்பவா போகிறார்?

அடுத்தது பின்னம். நான் மைதானத்துக்கு வந்து பார்க்கிறேன், நீளம் தாண்டுகிற மணல் குழியில் ஏழு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கட்டை மாதிரி கிடக்கின்றன. எனக்கு உயிரே போய்விட்டது. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, கண்டக்டர் மகளைத் தட்டி எழுப்பினேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “நாங்க ஆறில் ஒரு பங்கு சார், தொந்தரவு பண்ணாதீங்க” என்றாள். பாதிப் பேர் உட்கார வேண்டுமாம், உட்கார்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு படுக்க வேண்டுமாம். மருந்துப் பெட்டியோடு நான் எத்தனையில் எத்தனை பங்கு என்று தெரியாமல் நின்றேன்.

பொறுத்தது போதும் என்று தலைமையாசிரியரிடம் போனேன். அவருக்குப் பட்டப்பெயர் சுண்ணாம்பு. உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் வெள்ளையடித்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர். கழிவறையில் நாற்றம் என்றால் வெள்ளையடிப்பார். தேர்ச்சி விகிதம் குறைந்தாலும் வெள்ளையடிப்பார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் சுவரில் காலை வைக்கவில்லையே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சரி என்று பெயிண்ட் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்.

பிறகுதான் மைனஸ் எண்கள் வந்தன. எங்கள் பள்ளிக்கூடம் மாடி இல்லாத நீளக் கட்டடம். வரிசையாக அறைகள், அவற்றுக்கு முன்னால் ஒரே தாழ்வாரம். இடக்கோடியில் தலைமையாசிரியர் அறை, வலக்கோடியில் கேட். ஒரு விடுமுறை நாளில் டீச்சரின் கணவர் தன் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஓர் அடி பதினெட்டு அங்குலம் என்று நாலு பிள்ளைகளை நடக்கவிட்டு அளந்தார். அப்புறம் அந்த மனிதர் மண்டி போட்டே தாழ்வாரம் முழுக்க நகர்ந்து, பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே போனார். டீச்சர் பின்னால் எண்களை எழுதிக்கொண்டே வந்தார். ஆறாம் வகுப்பின் வாசற்படி சைபர். வலது பக்கம் ஒன்று, இரண்டு என்று போய்க் கேட்டில் நாற்பதில் முடிந்தது. இடது பக்கம் மைனஸ். தலைமையாசிரியர் அறை வாசல் மைனஸ் இருபத்தொன்று, மேஜை இருபத்திரண்டு, அவர் நாற்காலி மைனஸ் இருபத்துமூன்று, பின் சுவர் இருபத்துநாலு.

வாசற்படிதான் சைபர், அங்கிருந்து கிளம்பு. இதுதான் டீச்சர் சொல்லிக்கொடுத்த மந்திரம். கூட்டினால் வலது பக்கம் நட, கழித்தால் இடது பக்கம் நட, எங்கே போய் நிற்கிறாயோ அதுதான் விடை. அன்று தொடங்கியது அமர்க்களம். தலைமையாசிரியர் யாரோ பெரிய மனிதரோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை விறுவிறுவென்று உள்ளே வந்து மேஜையைச் சுற்றிப் போய் அவர் நாற்காலியை ஒட்டி நிற்கும். “மைனஸ் இருபத்துமூணு சார்” என்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். முதலில் பயந்தார். அப்புறம் பழகிவிட்டது. யாரும் வராத நாளில், இன்றைக்குக் கணக்கு இல்லையா என்று அவரே எட்டிப் பார்த்துக் கேட்பார். ஆனால் ஒருநாள் கண்டக்டர் மகள் சுவர் வரைக்கும் போய் நின்று, விடை மைனஸ் இருபத்தாறு, ஜன்னல் வழியாக இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அவருக்கே பொறுக்கவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மறு உத்தரவு வரும்வரை ஆறாம் வகுப்பில் மைனஸ் இருபத்துநாலுக்குக் கீழே எந்தக் கணக்கும் போடக்கூடாது. எல்லா ஆசிரியர்களும் படித்துக் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். பள்ளியில் படித்த காலத்தில் கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்டவன் நான். ஆறிலிருந்து ஒன்பதை எப்படிக் கழிப்பது என்று ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குப் புரிந்ததில்லை, புரிந்த மாதிரி தலையாட்டியிருக்கிறேன். ஒருநாள் எல்லோரும் போன பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, வாசற்படியில் நின்றேன். வலது பக்கம் ஆறு நடந்தேன். திரும்பி இடது பக்கம் ஒன்பது நடந்தேன். மைனஸ் மூன்றில் போய் நின்றேன். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே கோபம். இதற்காகவா அப்பாவிடம் அத்தனை அடி வாங்கினேன்? அதற்குப் பிறகு டீச்சர் கயிறு கேட்டால் முணுமுணுக்காமல் கொடுத்தேன்.

ஆய்வாளர் வருகிற வாரமும் வந்தது. எங்கள் சுண்ணாம்பு சும்மா இருப்பாரா? ஆறாம் வகுப்புக்கு இடது பக்கத்து அறையைப் புதிதாக வெள்ளையடித்து, பழைய அறை அழுக்கு, எல்லோரும் இதில் உட்காருங்கள் என்று வகுப்பையே மாற்றிவிட்டார். அதோடு விட்டாரா, தாழ்வாரத் தரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். கேட்டிலிருந்து அடித்துக்கொண்டே வந்தார்கள். மைனஸ் பதினெட்டுக்கு வரும்போது டின் காலி. ஆக, அவர் அறைக்கு முன்னால் நாலைந்து எண்கள் மட்டும் தரையில் தப்பித்து நின்றன. மற்றதெல்லாம் சிவப்புக்குள் போய்விட்டது. இதெல்லாம் நடந்த இரண்டு நாளும் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்று டீச்சரைக் கல்வி அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு இந்தக் கூத்து ஒன்றும் தெரியாது. ஆய்வன்று காலையிலும், சம்பந்தப்பட்ட ஆசிரியர் வகுப்புப் பக்கமே வரக்கூடாது என்று விதி இருந்ததால், பின்வாசல் வழியாக வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புது அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கண்டக்டர் மகள் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், சைபர் எங்க சார்?” என்று கேட்டாள். எனக்கு இருந்த படபடப்பில் எரிந்து விழுந்தேன். “டீச்சர் என்ன சொல்லிக்குடுத்தாங்க? வாசற்படிதான சைபர்? அதோ இருக்கு வாசற்படி. போய் உக்காரு.” அவளும் உட்கார்ந்துவிட்டாள். என் வாயில் அன்றைக்கு எவனாவது பசை தடவியிருக்கலாம்.

ஆய்வாளர் வந்தார். குள்ளமான, துப்புரவான மனிதர். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். சர்க்கரை போட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த டீயைக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். கையில் முத்திரை வைத்த உறை. அதற்குள் ஒரே ஒரு கணக்கும் அதன் விடையும். நாலிலிருந்து பதிமூன்றைக் கழி. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வர வேண்டும், எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், விடையை அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் பிள்ளை வாசற்படியில் நின்றது, வலது பக்கம் நாலு, திரும்பி இடது பக்கம் பதிமூன்று. தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்று தரையைப் பார்த்தது. ஓடி வந்து காதில் சொன்னது. மைனஸ் இருபத்தொன்று. இரண்டாவது பிள்ளையும் மைனஸ் இருபத்தொன்று. பத்து, இருபது, முப்பது, நாற்பத்திரண்டு பேரும் மைனஸ் இருபத்தொன்று. எல்லோரும் ஒரே விடை சொல்கிறார்கள் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். ஆய்வாளர் உறையிலிருந்த தாளைப் பிரித்தார். விடை மைனஸ் ஒன்பது.

“சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கலாம். தப்பான விடை எப்படி ஒண்ணா இருக்கும்? இது காப்பி” என்றார்.

தலைமையாசிரியர் முகம் அவர் அடித்த சுவரைவிட வெளுத்துவிட்டது. பதினோரு வருஷம், ஏழு பள்ளிக்கூடம், நிரந்தரம் கிடக்கட்டும், இனித் தற்காலிகமாகக்கூட யார் கூப்பிடுவார்கள்? அப்போது கண்டக்டர் மகள் நேராக ஆய்வாளரிடம் போனாள். நாங்கள் காப்பி அடிக்கவில்லை, சந்தேகமாக இருந்தால் நீங்களே நடந்து பாருங்கள் என்று அவர் விரலைப் பிடித்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் உதறியிருப்பார்கள். இவர்தான் தானே பார்த்தால் ஒழிய நம்பாதவராயிற்றே. எழுந்துவிட்டார்.

வாசற்படியில் நின்றார். இவ்வளவு பெரிய அடி வைக்கக்கூடாது என்று அவள் அதட்டினாள். அடியைச் சுருக்கினார். அவர் குள்ளம் என்பதால் அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே வலது பக்கம் நாலு, திரும்பி இடது பக்கம் பதிமூன்று. நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். காலடியில் மைனஸ் இருபத்தொன்று. நம்பாமல் திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடியும் மைனஸ் இருபத்தொன்று. மூன்றாம் தடவை தலைமையாசிரியரை நடக்கவிட்டுப் பார்த்தார். அவரும் தன் அறை வாசலிலேயே போய் நின்றார். ஆய்வாளர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அப்புறம் உறையிலிருந்த தாளை எடுத்து, மைனஸ் ஒன்பதைப் பச்சை மையால் அடித்துவிட்டு, மைனஸ் இருபத்தொன்று என்று எழுதினார். அலுவலகத்தில் அச்சுப் பிழை, நான் என் காலால் சரிபார்த்துவிட்டேன் என்றார். சரியான விடை சொன்னவர்கள் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. டீச்சரைக் கூப்பிடுங்கள், அவர் முன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம், கவலையே படாதீர்கள், எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டீச்சர் உள்ளே வந்து ஆய்வாளரை வணங்கினார். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. என்ன கணக்குக் கேட்டீர்கள் என்று சும்மா ஆசையாகத்தான் கேட்டார். ஆய்வாளர் கணக்கையும் சொன்னார், விடையையும் சொன்னார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் தாழ்வாரத்தை ஒரு பார்வை பார்த்தார். சிவப்புத் தரையைப் பார்த்தார், பக்கத்து அறையின் பழைய வாசற்படியைப் பார்த்தார். ஆய்வாளர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“ஐயா, அது தப்பு. மைனஸ் ஒன்பதுதான்.”

“நானே நடந்து பாத்தேம்மா. மூணு தடவ.”

“நடந்தது சரிங்க ஐயா. கெளம்புன எடம் தப்பு.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். பாவி, தாழியை உடைத்ததே வெண்ணெய்க்குச் சொந்தக்காரர்தான்.

ஆய்வாளருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பார்க்காமல் விடுவாரா? டீச்சர் அவரைப் பழைய வாசற்படிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். வலது பக்கம் நாலு, இடது பக்கம் பதிமூன்று. இந்தத் தடவை அவர் போய் நின்ற இடத்தில் எண்ணே இல்லை, வெறும் சிவப்பு. டீச்சர் தரையில் உட்கார்ந்து வீட்டுச் சாவியால் சுரண்டினார். தலைமையாசிரியர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். பெயிண்ட் உரிந்து அடியிலிருந்து மைனஸ் ஒன்பது வந்தது. இரண்டு வாசற்படிக்கும் நடுவே பன்னிரண்டு அடி. எல்லோரும் பன்னிரண்டு தள்ளிப் போய் நின்றிருக்கிறார்கள், ஆய்வாளர் உள்பட.

அவர் தலைமையாசிரியர் நாற்காலியில் போய் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். குரல் இறங்கியிருந்தது. பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது, ஆனால் படிவத்தில் சரியான விடை எத்தனை என்றுதான் கேட்டிருக்கிறது, நான் என்ன எழுதட்டும் என்று டீச்சரையே கேட்டார். சைபர் என்று எழுதுங்கள் ஐயா என்றார் டீச்சர். அவரும் எழுதினார். அதற்குக் கீழே, மாணவர்களின் உடல் சுறுசுறுப்பு என்று இன்னொரு கட்டம் இருந்தது. காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர் அல்லவா, அதில் நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டைத் தாண்டும் வரைதான் பொறுத்தேன்.

“ஏன் டீச்சர், வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? யாராவது சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குவாங்களா?”

“நாப்பத்திரண்டு பிள்ளைங்க சார். ஆய்வாளரே சொல்லிட்டாருன்னு ஆயுசுக்கும் அதத்தான் சரின்னு நெனைக்கும். அத வச்சுக்கிட்டு நான் நிரந்தரமாகி என்ன செய்ய?”

சைபர் எங்கே என்று கேட்ட பிள்ளையிடம் எரிந்து விழுந்தது நான்தான் என்று அப்போது சொல்லிவிட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. படியைச் சைபர் என்று சொல்லிக்கொடுத்தது நான்தானே சார், எந்தப் படி என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றார். மறுநாள் அந்த நாற்பத்திரண்டையும் மைதானத்துக்குக் கூட்டிவந்து, ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, உங்கள் சைபரை நீங்களே எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போட்ட இடத்தை மறக்காதீர்கள் என்றார். குழாயடியில் ஒரு சைபர், கைப்பிடிச் சுவரில் ஒரு சைபர், என் சாமான் அறைக் கதவில் மட்டும் ஐந்து சைபர். எல்லோரும் நாலிலிருந்து பதிமூன்றைக் கழித்தார்கள். நாற்பத்திரண்டு பேர் நாற்பத்திரண்டு இடத்தில் போய் நின்று மைனஸ் ஒன்பது என்று கத்தினார்கள். பார்க்க ஆய்வாளர்தான் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. படிவத்தை யார் பார்த்தார்களோ, எப்படிப் பார்த்தார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். கணக்கில் சைபர், ஆகவே கணக்கு ஆசிரியையாக நிரந்தரம் செய்ய இயலாது. உடல் சுறுசுறுப்பில் முழு மதிப்பெண், ஆகவே இந்த ஆண்டு ஓய்வுபெறும் பி.டி. மாஸ்டரின் இடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக நிரந்தரம் செய்யப்படுகிறார். ஓய்வு பெறப்போகிறவன் நான். டீச்சரின் கணவர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தாராம், மூன்று தடவையும் நிரந்தரம் என்கிற சொல்லோடு நிறுத்திக்கொண்டாராம். டீச்சர் என்னிடம் கொண்டுவந்து காட்டி, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். பி.டி. பீரியடில் கணக்கு நடத்தக்கூடாது என்று இதில் எங்கேயும் போடவில்லை சார் என்றார். அது என்னமோ உண்மைதான்.

ஆனால் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. முப்பது நாளுக்குள் நூறு மீட்டரை இருபத்திரண்டு விநாடிக்குள் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினார் என்று ஓய்வுபெறும் ஆசிரியர் சான்று எழுத வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து.

இது ஒரு பெரிய காரியமா? எழுதப்போகிறவன் நான்தானே. ஒப்புக்கு ஒரு தடவை ஓடச் சொன்னேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். ஓட்டமா அது, பஸ் பிடிக்க வருகிறவர் மாதிரி ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தேழு. “இருபத்தொண்ணு டீச்சர், முடிஞ்சது வேல” என்றேன். டீச்சர் இரைக்க இரைக்க வந்து கையை நீட்டினார். கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார்.

“இருபத்தேழு சார்.”

“யாரு பாக்கப் போறா? கையெழுத்துப் போடுறது நான்.”

“ஓடுனது நான்ல?”

அதோடு சரி. மறுநாள் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நின்றார். நானும் வேறு வழியில்லாமல் போய் நின்றேன். கையை எப்படி வீச வேண்டும், முட்டியை எப்படித் தூக்க வேண்டும், எல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். திட்டவும் திட்டினேன். முப்பத்தொரு வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டவர் ஒருத்தர் கிடையாது. அதுவும் ஒரு கணக்கு டீச்சர். கணவர் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். நாலு தடவை அளவெடுத்தும் முட்டியில் பிடித்தது, ஐந்தாவது சரியாக வந்தது. இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்துநாலு. அங்கே நின்றுவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கிற்று. ஒன்பது நாள் இருபத்துநாலிலேயே கிடந்தார். ஒருநாள் விழுந்து முழங்கை சிராய்த்தது. போதும் டீச்சர், நான் எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முப்பதாம் நாள். முந்தின நாள் இருபத்திரண்டரை. சொல்லாமல் கொள்ளாமல் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வந்து ஓரமாக நின்றார்கள். தலைமையாசிரியர் வந்திருந்தார். கணவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தார். முதல் ஓட்டம் இருபத்திரண்டே முக்கால். இரண்டாவது இருபத்திரண்டு புள்ளி மூன்று. கடிகாரத்தை அவரிடம் காட்டினேன். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கோட்டில் நின்றார்.

நான் கொடியை இறக்கினேன். பாதி தூரத்தில் அவர் வாய் திறந்துகொண்டது, கண்ணை மூடிக்கொண்டார், கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் ஓடி மணல் குழியில் போய்த்தான் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்தொன்று புள்ளி எட்டு.

கடிகாரத்தை நீட்டினேன். டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அப்புறம் அப்படியே மணலில் உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். நான் சான்றுத் தாளை எனக்குப் பின்னால் இருந்த சுவரில் வைத்து, ஓடிய நேரம் இருபத்தொன்று புள்ளி எட்டு என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். கண்ணை நீர் மறைத்ததால் கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.